மூன்றாம் தடவை கேட்கும்வரை

1

எங்கள் கிளினிக்கில் வருடத்தில் ஒரு நாள் எல்லாரும் எல்லாரையும் பார்த்து “சுகமா?” என்று கேட்டாக வேண்டும். பகிடி இல்லை. இந்த நாட்டில் பல வேலைத்தலங்களில் அப்படி ஒரு நாள் இருக்கிறது. மனம் சோர்ந்திருப்பவர்களை யாராவது விசாரிக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடு தொடங்கிய காரியம்தான். எங்களிடம் வந்து சேரும்போது அது மஞ்சள் ஐசிங் பூசிய கப்கேக்காக மாறிவிட்டது.

போன வாரம் அந்த நாள். முகாமையாளர் கிறெய்க் மஞ்சள் டை கட்டிக்கொண்டு வந்தார். தேநீர் இடைவேளைக்குள் எல்லாரும் கேட்டு முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தடுப்பூசிக்கு ஆட்கள் வரப் போகிறார்கள் என்று அறிவித்தார். நாங்களும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கேட்டோம். வரவேற்பு மேசைப் பெண் என்னைக் கேட்டாள். நான் “குட், தாங்ஸ்” என்றேன். இரத்தம் எடுக்கும் பெடியன் கேட்டான். “குட், தாங்ஸ்.” கிறெய்க்கும் வந்து, என் முகத்தை அல்ல, என் தலைக்கு மேலே இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி கேட்டார். அவருக்கும் அதே பதில். எல்லாரும் சுகம். கிளினிக்கே சுகம். மிஞ்சிய கேக்குகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம்.

அன்றைக்குப் பின்னேரம் இன்னொருவர் என்னைக் கேட்டார். அவர் கேட்ட விதம் வேறு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மனுசியை உங்களுக்கு முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். அதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2

என்னைப் பற்றி அதிகம் இல்லை. பெயர் மெற்றில்டா. மன்னார். நேர்சிங் படித்துவிட்டு, குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இளமையையும் முழங்காலையும் கொடுத்துவிட்டு, பிறகு குடும்பமாக மெல்பேர்னுக்கு வந்தோம். இப்போது ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு குடும்ப வைத்தியர் கிளினிக்கில் தாதி. ரோவிலில் வீடு. நாலு படுக்கையறை. கணவர் அந்தோனி காலமாகிவிட்டார். மகள் ஷெரின் கல்யாணம் கட்டி சிட்னியில் கெல்லிவில்லுக்குப் போய்விட்டாள். அதனால் மூன்று அறைகளைப் பூட்டி வைத்திருக்கிறேன். தூசு தட்டும் வேலை மிச்சம். இராச்சாப்பாட்டுக்குப் பாணும் பட்டரும். சட்டி கழுவும் வேலையும் மிச்சம். தனியாக இருப்பதில் இப்படி எத்தனையோ வசதிகள்.

குவைத் எனக்குத் தந்தது அரபு. அதைப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வார்ட்டில் கற்ற அரபு. “வாயைத் திற”, “மூச்சை இழு”, “இன்றைக்குச் சாப்பிட்டாயா”, “பயப்படாதே, முடிந்துவிட்டது” என்பவை சரளமாக வரும். அரசியல் பேச வராது. ஆனால் இங்கே, எங்கள் கிளினிக்கின் காத்திருப்பு அறையில், சேலை கட்டும் வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி திடீரென்று அரபில் நலம் விசாரித்தால் சனம் வாயைப் பிளக்கிறது. ஈராக்கியர், சிரியர், சூடானியர் எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் கழுத்தில் தொங்கும் சிலுவையைப் பார்ப்பார்கள், பிறகு சுவரில் ஸ்பீக்கர் ஏதும் இருக்கிறதா என்று தேடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல். எனக்கு மொழிபெயர்க்க அனுமதி இல்லை. அத்தாட்சிப் பத்திரம் உள்ளவர்கள்தான் நோயாளிக்கு மொழிபெயர்க்கலாம் என்பது விதி. அது நல்ல விதி, நான் குறை சொல்லவில்லை. வார்ட் அரபை வைத்துக்கொண்டு ஒருவருடைய மனநோயைப் பேசப் போய்ப் பிழை விட்டால் யார் பொறுப்பு? ஆகவே எனக்குக் கிறெய்க் ஓர் எல்லை போட்டுத் தந்தார். கழிப்பறை இடது பக்கம் என்று அரபில் சொல்லலாம். கதிரையில் இருங்கள் என்று சொல்லலாம். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடாது. அதற்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வருவார்.

எங்களுக்கு வழமையாக வரும் மொழிபெயர்ப்பாளர் சிட்னியில் இருந்து பேசுபவர். ஆளைக் கண்டதில்லை. மேசையில் உள்ள ஸ்பீக்கரில் கனத்த ஆண் குரலாக மட்டும் இருப்பார். நோயாளி சொல்வதைத் தானே சொல்வதுபோல “எனக்கு நாரி நோகிறது, எனக்கு மாதவிடாய் நின்று பத்து வருசம்” என்று உறுதியாகச் சொல்வார். தன் சொந்தக் கருத்தாக ஏதும் சொல்ல வேண்டுமென்றால், “இது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்” என்று முதலில் அறிவிப்பார். அப்படி அறிவித்துவிட்டுத்தான் இருமுவார்.

3

உம் யூசுஃப் ஈராக்கில் பஸ்ராவைச் சேர்ந்தவர். பெயரின் கருத்து யூசுஃபின் அம்மா. அவருடைய சொந்தப் பெயர் கோப்பில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னை ஆஸ்பத்திரி வழக்கத்தில் “சிஸ்டர்” என்பார். மகன் யூசுஃப் டைல்ஸ் பதிப்பவன். அவன்தான் கூட்டிக்கொண்டு வருவான், முழங்காலில் சீமெந்து வெள்ளையோடு. முதலில் தோள் நோவு என்று வந்தார். பிறகு வயிறு. பிறகு நெஞ்சுக்குள் யாரோ இருந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்கிறார்கள் என்றார். தோளுக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கான், நெஞ்சுக்கு ஈசிஜி எல்லாம் எடுத்து எல்லாம் நோர்மல் என்று வந்த பிறகு, எங்கள் டொக்டர் எமிலிக்குப் பிடிபட்டது இது மனச்சோர்வு என்று.

எமிலி நல்ல பிள்ளை. இளம் வயது. நோயாளிக்கு எதையும் திணிக்கக்கூடாது, வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்புபவர். அதற்கென்றே அரபு மொழியில் படம் போட்ட கைநூல் ஒன்று அப்போதுதான் கிளினிக்குக்கு வந்திருந்தது. மனச்சோர்வுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது உங்களுக்குப் பொருந்தும் என்று நோயாளியே பார்த்துத் தெரிவு செய்வதற்கு. நாலு படங்கள். விழுங்கும் மருந்துக்கு ஒரு குளிசை. பேசிக் குணப்படுத்துவதைக் காட்ட எதிரெதிரே இரண்டு கதிரைகள். குளிசையும் கதிரைகளும் சேர்ந்த ஒன்று. கடைசியாக, இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நாள் பார்ப்போம் என்பதற்கு, பஸ் தரிப்பிடத்தில் தனியாக நிற்கும் ஒரு பெண்.

யூசுஃபை வெளியே இருக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு மூலையில் கதிரை. உம் யூசுஃபுக்குத் தெரிந்த முகம் ஒன்று அறையில் இருந்தால் நல்லது என்று எமிலி கேட்டிருந்தார், வாயைத் திறக்காத நிபந்தனையில்.

எமிலி கைநூலை விரித்தார். “இதில் எது உங்களுக்குச் சரியென்று படுகிறது?” சிட்னியில் இருந்து குரல் அதை அரபாக்கியது.

உம் யூசுஃப் படங்களைப் பார்த்தார். “நீங்க டொக்டர். நீங்க சொல்லுங்கோ.” அவர் அரபில் சொன்னது என் காதில் எங்கட தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

“இல்லை, இது உங்கள் உடம்பு. உங்கள் விருப்பம்தான் முக்கியம்.”

“என்ர விருப்பத்தில என்ன இருக்கு? உங்கட விருப்பம்.”

“இல்லையில்லை, உங்களுடையது.”

இப்படியே கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒருவரும் உள்ளே போகாமல் நின்றார்கள். பிறகு எமிலி அடுத்த பக்கத்துக்குப் போனார். நோய் குறைவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூச்சியத்தில் இருந்து பத்துக்குள் ஓர் இலக்கம் சொல்லுங்கள்.

“அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.”

எமிலி பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அளவுகோலைப் பார்த்தார். அதில் அந்த இலக்கம் இல்லை.

கடைசியில் ஒவ்வொரு படமாகத் தொட்டுக் கேட்டார். குளிசை வேண்டுமா? “வேண்டாம், உங்களுக்கு ஏன் கஷ்டம்.” பேசுவதற்கு ஒருவரை ஒழுங்கு செய்யட்டுமா? “வேண்டாம், அவையளுக்கும் வேலை இருக்கும்.” இரண்டும்? “ஐயோ, வேண்டாம்.” எமிலி நோயாளியின் முடிவை மதித்து, பஸ் தரிப்பிடத்தில் அடையாளம் போட்டார். முகத்தில் கவலை. ஆனால் முடிவு நோயாளியுடையது, மதிக்கத்தானே வேண்டும்.

வெளியே வந்ததும் உம் யூசுஃப் என் கையைப் பிடித்தார். “சிஸ்டர், இந்தப் பிள்ளை படிச்சு முடிச்சிட்டாவோ? எல்லாத்தையும் என்னட்டக் கேக்கிறா.” நான் கழிப்பறை இடது பக்கம் என்று சொல்லலாமே தவிர, இதற்குப் பதில் சொல்ல அனுமதி இல்லை. அவருடைய கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. சட்டை தோளில் தொங்கியது. ஒவ்வொரு முறையும் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தார். யூசுஃப் காருக்குள் ஏற்றும்போது என்னிடம் மெல்ல ஆங்கிலத்தில் சொன்னான், அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று. எனக்கும் பயமாக இருந்தது. இப்படியே போனால் என்ன நடக்கும் என்று வார்ட்டில் கண்டிருக்கிறேன்.

4

அன்று காரில் போகும்போதுதான் எனக்குப் பக்கத்து வீட்டு மார்கரட் நினைவுக்கு வந்தார்.

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த புதிது. மார்கரட் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டு, உள்ளே இருத்தி, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். நல்ல குளிர். எனக்குத் தேத்தண்ணி என்றால் உயிர். “வேண்டாம், இப்பதான் குடித்தேன்” என்றேன். எங்கள் ஊரில் யாரும் முதல் கேள்விக்கே ஓம் என்று சொல்வதில்லை. சொன்னால் வீட்டுக்கு வந்ததே தேத்தண்ணிக்குத்தான் என்றாகிவிடும். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் முதல் தடவையே பிஸ்கட் எடுத்துவிட்டேன் என்று அம்மா வீட்டுக்கு வந்ததும் தொடையில் கிள்ளியது இன்றும் நினைவிருக்கிறது. வேண்டாம் என்பது ஒரு முன்னுரை. வீட்டுக்காரர் “சும்மா இருங்கோ, ஒரு வாய் குடிச்சா என்ன” என்பார். நாங்கள் “ஐயோ, சத்தியமா வேண்டாம்” என்போம். அவர் அதற்குள் கேத்திலை அடுப்பில் வைத்திருப்பார். மூன்றாம் தடவை, சரி உங்களுக்காக என்று வாங்குவோம்.

மார்கரட் “நோ வொரிஸ்” என்றார். குசினிக்குள் போய், தனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து, என் முன்னால் இருந்து குடித்தார். ஆவி பறந்தது. ஒரு மணித்தியாலம் கதைத்தோம். இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அந்தோனியிடம் சொன்னேன், “என்ன சனமப்பா இது, ஒரு தேத்தண்ணிக்கு வழியில்லை.” அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “நீர் வேண்டாமெண்டு சொன்னனீர்தானே?” என்றார். “ஓம், சொன்னனான். அதுக்காக?” என்றேன்.

உம் யூசுஃப் மருந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தேத்தண்ணியைத்தான் வேண்டாம் என்றார். குவைத்திலும் அப்படித்தான் கண்டிருக்கிறேன், மூன்று தடவை வற்புறுத்தாத வீட்டை வீடு என்றே சொல்ல மாட்டார்கள். எமிலி ஒரு தடவை கேட்டு, “நோ வொரிஸ்” சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் எமிலியிடம் இதைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “ஆனால் மெற்றில்டா, வேண்டாம் என்று சொன்னவரைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது வற்புறுத்தல் ஆகிவிடாதா? இல்லை என்றால் இல்லை என்று அல்லவா எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்?”

அதுவும் நியாயம்தான். ஆகவே கிறெய்கிடம் கேட்போம் என்றார். அங்கேதான் பிழை விட்டோம்.

5

கிறெய்குக்கு ஒரு குணம். எந்தப் பிரச்சினையைக் கொடுத்தாலும் அதை ஒரு நடைமுறை விதியாக்கித் திருப்பித் தருவார். நான் சொன்ன தேத்தண்ணிக் கதையைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மூன்றே நாளில் ‘மீள் வழங்கல் நடைமுறை’ என்று ஒன்று கொண்டுவந்தார். எந்தச் சிகிச்சையையும் நோயாளி மறுத்தால் மூன்று தடவை வழங்க வேண்டும். ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் செய்தால் பாகுபாடாகிவிடும் என்பதால் எல்லா நோயாளிகளுக்கும்.

முதலில் அகப்பட்டவர் மிஸ்டர் வொல்ட்டர். ஓய்வுபெற்ற தச்சு வேலைக்காரர். காதில் அழுக்கெடுக்க வந்தவர். காய்ச்சல் தடுப்பூசியும் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். போடட்டுமா? வேண்டாம் என்றேனே. போடட்டுமா? அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “உனக்குத்தான் காது அடைத்திருக்கிறது, அம்மா” என்றார். கடைசியில் ஊசியைப் போட்டுக்கொண்டார், என்னில் இரக்கப்பட்டு.

உம் யூசுஃப் திரும்ப வந்தார். எமிலி நடைமுறையை அச்சொட்டாகப் பின்பற்றினார். “குளிசை எடுக்க விருப்பமா? குளிசை எடுக்க விருப்பமா? குளிசை எடுக்க விருப்பமா?” ஒரே மூச்சில். தேத்தண்ணியை மூன்று தடவை ஒருவரின் மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவது உபசரிப்பு ஆகாது என்பதைச் சொல்ல நான் மறந்துபோனேன். நடுவில் இருக்கும் கதைதான் உபசரிப்பு.

ஸ்பீக்கரில் ஏதோ தட்டிப் பார்க்கும் சத்தம். “இது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். லைனில் கோளாறு போலிருக்கிறது. எனக்கு ஒரே வசனம் மூன்று தடவை கேட்கிறது.”

“கோளாறு இல்லை. மூன்று தடவையும் சொல்லுங்கள்,” என்றார் எமிலி.

அவர் கடமையோடு மூன்று தடவை சொன்னார். உம் யூசுஃபின் முகம் இறுகியது. தன்னைச் செவிடு என்று நினைத்துவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக “வேண்டாம்” சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். எமிலி அன்று மதியம் சாப்பிடவில்லை. நானும் இல்லை. இனி அந்த மனுசி வரமாட்டார் என்று நினைத்தேன். எல்லாம் என் வாயால் வந்தது.

6

ஆனால் வந்தார். இரண்டு கிழமை கழித்து, கையில் ஒரு தகரப் பெட்டியோடு. டொக்டரை அப்படிக் கைப்பை தூக்கிக்கொண்டு விட்டுப்போனது மரியாதை இல்லை என்று அவருக்கு மனம் உறுத்தியிருக்கிறது. சமாதானத்துக்குக் கிளேச்சா கொண்டுவந்திருந்தார். ஈராக்கியர் பெருநாட்களுக்குச் சுடும், பேரீச்சம்பழம் வைத்துச் சுருட்டிய பிஸ்கட்.

தொலைபேசியில் சிட்னிக் குரல் வந்து சேர்ந்தது. எமிலி கைநூலைத் தேடுவதற்குள் உம் யூசுஃப் பெட்டியைத் திறந்து மேசையில் தள்ளினார். “எடுங்கோ.”

நாங்கள் நோயாளிகளிடம் ஒன்றும் வாங்கக்கூடாது. அதற்கும் விதி இருக்கிறது. எமிலி இரண்டு கைகளையும் தூக்கி, “மிகவும் நன்றி, வேண்டாம், எங்களுக்கு அனுமதி இல்லை” என்றார்.

உம் யூசுஃபின் முகம் மலர்ந்தது. அந்த அறையில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன். கடைசியாக இந்தப் பிள்ளைக்குப் பழக்கவழக்கம் கொஞ்சம் தெரிகிறதே என்ற சிரிப்பு. பெட்டியை இன்னும் கிட்டத் தள்ளினார். “ஒண்டு எடுங்கோ மகள், சின்னன்தானே.”

“இல்லை, உண்மையாகவே வேண்டாம்.” எமிலி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வாயைத் திறக்காத நிபந்தனை.

உம் யூசுஃப் கையாலேயே ஒன்றை எடுத்து நீட்டினார். “என்ர கையைத் தட்டாதேங்கோ.” எமிலி அந்தக் கையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வாங்கி வாயில் போட்டுவிட்டார்.

“இது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். அங்கே என்ன சத்தம்?”

“கிளேச்சா சாப்பிடுகிறேன்,” என்றார் எமிலி, வாய் நிறைய.

ஸ்பீக்கர் பெருமூச்சு விட்டது. “மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன், வீட்டில் சுட்டதா?”

அவர் அதை அரபிலும் கேட்டார். உம் யூசுஃபின் சிரிப்பு அணைந்தது. “கடையில வாங்கினது. வெக்கமாக் கிடக்கு. நான் குசினிக்குள்ள போய் எத்தினையோ மாசம். யூசுஃபுக்கு முட்டைகூடப் பொரிக்கிறேல்ல. என்னத்துக்குச் சமைக்கிறது எண்டு நிக்கிறன், பிறகு வந்து இருக்கிறன்.”

எமிலி மெல்லுவதை நிறுத்தினார். பூச்சியத்தில் இருந்து பத்துவரை கேட்டுக் கிடைக்காதது அந்த ஒரு பதிலில் வந்துவிட்டது. அவர் மெல்ல விழுங்கினார். பெட்டியைப் பார்த்தார், கைநூலைப் பார்த்தார். தனக்கு இப்போது என்ன நடந்தது என்பது அவருக்கு விளங்கியதை நான் கண்ணால் கண்டேன். நான் விளக்கியும், கிறெய்க் மூன்று பக்கம் எழுதியும் விளங்காதது. கைநூலை எடுத்து, கிளேச்சாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அதேபோல உம் யூசுஃப் பக்கம் தள்ளினார்.

“இனி என் முறை. எடுங்கள்.”

“வேண்டாம் மகள், உங்களுக்குச் சிரமம்.”

எமிலி அடையாளம் ஒன்றும் போடவில்லை. நல்ல கிளேச்சாவுக்கு என்ன போட வேண்டும் என்று கேட்டார். உம் யூசுஃப் சொன்னார். ஏலக்காய், கருஞ்சீரகம், மா எவ்வளவு நேரம் ஊற வேண்டும். சொல்லும்போது கை தானாகச் சுருட்டியது. சிட்னியில் இருந்து மொழிபெயர்ப்பாளர், தன்னை அறிவித்துவிட்டு, தங்கள் வீட்டில் வால்நட் போடுவார்கள் என்றார். உம் யூசுஃப் அது பிழை என்றார். அதையும் அவரே மொழிபெயர்த்தார், குரலில் கொஞ்சம் மனவருத்தத்தோடு.

எமிலி கைநூலை இன்னும் கொஞ்சம் தள்ளினார். “இதில் எது?”

“நீங்கதானே டொக்டர். உங்களுக்குத்தானே தெரியும்.”

“எனக்கு மருந்தைத் தெரியும். உங்கள் வீட்டைத் தெரியாது. உங்கள் இரவைத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.”

உம் யூசுஃப் பெட்டிக்குள் கிளேச்சாக்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு மெல்லச் சொன்னார். பஸ்ராவில் தங்கச்சி இருக்கிறாளாம். கட்டிலோடு கிடக்கிறாளாம். அங்கே அவளுடைய வீட்டில் எல்லாரும் படுத்த பிறகுதான் தொலைபேசி அவள் கைக்கு வருமாம். இங்கே அப்போது விடிய முன்னம். “குளிசை போட்டா நித்திரை கொண்டிடுவன் எண்டு யூசுஃப் சொன்னான். அவள் எடுப்பாள். நான் எழும்பாட்டி அவள் என்ன நினைப்பாள்?”

இதுதான் அவருடைய பூச்சியத்தில் இருந்து பத்து. எமிலி கதிரையை முன்னுக்கு இழுத்தார். காலையில் எடுக்கும் குளிசை இருக்கிறது, அது பெரும்பாலும் அப்படி நித்திரை கொண்டுவராது என்றார். உடனே வேலை செய்யாது, சில கிழமை பொறுக்க வேண்டும், வயிற்றைப் பிரட்டலாம், ஒத்துவராவிட்டால் மாற்றலாம் என்றார். குளிசை இல்லாமல் முதலில் ஆளோடு கதைத்தும் பார்க்கலாம், அரபு கதைக்கும் பெண் ஒருவர் இருக்கிறார் என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மூன்றாம் தடவை கைநூலைத் தள்ளினார். இப்போது ஒன்றும் கேட்கவில்லை.

உம் யூசுஃப் விரலைப் படங்களுக்கு மேலே கொண்டுபோனார். பஸ் தரிப்பிடத்தில் நின்றது விரல். “இது வேண்டாம். நான் இதில கனகாலம் நிண்டிட்டன். ஒரு பஸ்சும் வரேல்ல.” பிறகு குளிசையையும் கதிரைகளையும் சேர்த்துப் போட்டிருந்த படத்தைத் தொட்டார். “உங்களுக்காக,” என்றார்.

“எனக்காக வேண்டாமே,” என்றார் எமிலி.

உம் யூசுஃப் யோசித்தார். “சரி. எனக்காக.”

ஸ்பீக்கரில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது யாருடையது என்று அவர் அறிவிக்கவில்லை.

பதினைந்து நிமிடத்துக்கென்று போட்ட சந்திப்பு மூன்று மடங்கு நீண்டதற்காகக் கிறெய்க் எமிலியைக் கூப்பிட்டு விசாரித்தார். கிளேச்சா வாங்கியதற்கும் விசாரித்தார். பிறகு தகரப் பெட்டி மேசையில் இருக்கக் கண்டு தானும் ஒன்று எடுத்தார். அவருக்கு யாரும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

7

உம் யூசுஃப் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதல் குளிசை ஒத்துவராமல் மாற்றினார்கள். கதைக்கும் பெண்ணிடம் ஒரு நாள் போகாமல் விட்டார், பிறகு போனார். தோள் இன்னும் நோகிறது. ஆனால் சட்டை இப்போது தோளில் நிற்கிறது.

இனி அந்த மஞ்சள் கேக் நாளுக்கு வருகிறேன்.

அன்று காலை மகள் ஷெரின் கெல்லிவில்லில் இருந்து வேலைக்குப் போகும் வழியில் தொலைபேசியில் கூப்பிட்டாள். எங்கள் கதை எப்போதும் இப்படித்தான்.

“அம்மா, யூ ஓகே?”

“ஓம் பிள்ளை, நான் நல்லா இருக்கிறன். நீ சாப்பிட்டியா?”

“யா, யா. ஓகே அம்மா, டிராஃபிக். லவ் யூ.”

அவளும் ஒரு தடவைதான் கேட்பாள். இந்த நாட்டுப் பிள்ளை. நல்ல பிள்ளை, அன்பான பிள்ளை, கேட்டதற்குச் சொன்ன பதிலை அப்படியே நம்புகிற பிள்ளை. நான் என்ன சொல்ல?

பின்னேரம் உம் யூசுஃப் பிரஷர் பார்க்க வந்தார். என் அறையில் நானும் அவரும் மட்டும். கையில் பட்டியைச் சுற்றினேன். குளிர்சாதனப் பெட்டியில் மிஞ்சிய மஞ்சள் கேக் ஒன்றைக் கொடுத்தேன். முறையாக இரண்டு தடவை மறுத்து மூன்றாவதில் வாங்கினார். இது எதற்கு என்று கேட்டார். இன்றைக்கு எல்லாரையும் சுகமா என்று கேட்கும் நாள் என்று சொன்னேன். அவர் கேக்கை ஒரு பக்கம் வைத்தார்.

“நீ எப்பிடி இருக்கிறாய், சிஸ்டர்?”

“நல்லா இருக்கிறன்.” என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லும் அரபு அது.

அவர் தலையாட்டினார். பட்டியின் காற்று இறங்கியது. இலக்கத்தைப் பதிந்தேன். நல்ல இலக்கம். போன வெள்ளிக்கிழமை கிளேச்சா சுட்டதாகச் சொன்னார். யூசுஃப் பெட்டியோடு வேலைக்குக் கொண்டுபோய்விட்டானாம். வீடு முழுக்க ஏலக்காய் மணமாம். பிறகு சாதாரணமாக, “நீ வீட்டில என்ன சமைக்கிறனீ?” என்றார்.

“எனக்கென்ன, தனி ஆள்தானே. பாணும் பட்டரும். லேசு.”

நான் பட்டியைச் சுருட்டி வைத்தேன். சுருட்டியதை அவிழ்த்துத் திரும்பச் சுருட்டினேன்.

“ஒவ்வொரு நாளுமோ?”

நான் பதில் சொல்லத்தான் நினைத்தேன். நல்லா இருக்கிறன், வேலை கூட, நேரமில்லை, எல்லாம் வரிசையாக நின்றது. ஆனால் அது மூன்றாம் தடவை. மூன்றாம் தடவையும் வேண்டாம் என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒருவருக்கும் சொல்லித் தந்ததில்லை.

“அந்தோனி போனதில இருந்து,” என்றேன். “அடுப்பைப் பத்த வைக்கிறேல்ல. விடிய முன்னம் முழிப்பு வந்திடும். பிறகு நித்திரை வராது. அப்பிடியே கிடப்பன்.”

வார்ட் அரபில் அதற்கு மேல் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை. அழுகை வந்தது. நோயாளியின் கதிரையில் அவர், தாதியின் கதிரையில் நான், அழுதது நான். நோயாளியிடம் மனம் எப்படி என்று நான் அரபில் கேட்கக்கூடாது என்பது விதி. நோயாளி என்னைக் கேட்கக்கூடாது என்று கிறெய்க் எங்கும் எழுதி வைக்கவில்லை.

உம் யூசுஃப் கைப்பைக்குள் கையை விட்டு, மூலைகள் மடிந்துபோன அந்தக் கைநூலை எடுத்தார். என் மடியில் விரித்தார். எது என்று கேட்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பெண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நான் எடுக்கும்வரை காத்திருந்தார். நான் கதிரைகளைத் தொட்டேன்.

அவர் போன பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு முன் மேசைக்குப் போனேன். கிறெய்க் பலூன்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேறு கிளினிக் ஒன்றில், என்னைத் தெரியாத டொக்டர் ஒருவரிடம் ஒரு சந்திப்பு எடுக்க வேண்டும், நீளமானதாக, எங்கே நல்லது என்று கேட்டேன்.

“யாருக்கு?” என்றார்.

“எனக்கு,” என்றேன். அவர் ஒரு தடவைதான் கேட்டார். நான் ஒரு தடவையிலேயே சொல்லிவிட்டேன்.